நடுவில் பேசுகிற அக்கா

டிரான்ஸ்போர்ட் நகரின் கடைசி வளைவைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் அடித்தது. எங்கள் வண்டியின் ஹாரன்தான். நூறு லாரி நிற்கிற இடத்திலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முதல் இழுப்பில் கரகரத்து, இரண்டாவதில்தான் தெளியும். இரண்டு தடவை அடித்தது. நான் திரும்பவில்லை. மூன்றாவது தடவை அடித்திருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ. அடிக்கவில்லை.

என் பை வண்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் டிரைவர் அண்ணனிடம் பேச வேண்டும். பேசக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் பை போனால் போகிறது என்று இருந்துவிடுவது என் பழக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஒரு பையை விட்டிருக்கிறேன், புனேயில் ஒரு ஓட்டலில் இன்னொன்றை. எட்டாம் வகுப்பு நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தபோதும் புத்தகப்பை டெஸ்க்கிலேயே இருந்தது.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கர்னால் சாலையோரம் சேறு. கையில் போன், காலில் ஒரு பக்கம் வார் அறுந்து கம்பி கட்டிய செருப்பு. நரேலாவுக்குப் போகிறேன் என்பது மட்டும் தெரியும். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரையும் நான் பார்த்ததில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து டெல்லிக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். டிரைவர் அண்ணனுக்கு நாமக்கல் பக்கம். நான் கிளீனர், அவர் தூங்கும்போது பாதி டிரைவர். டிரான்ஸ்போர்ட் நகர் குடோனில் மூன்று நாளாக இறக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தார்ப்பாயில் ஓட்டை, வானத்தில் மேகம். எனக்கு டீ வாங்கவும் வழி கேட்கவும் இந்தி வரும். வாதாட வராது. அண்ணனுக்கு அதுவும் வராது. இந்த மாதிரி நேரத்தில் வடக்கே ஓடுகிற எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் செய்வது ஒன்றுதான்: டெல்லி அக்காவுக்குப் போன் போடுவது.

அவர் எண் வண்டிக்கு வண்டி பரவியது. எங்கள் வண்டியில் டிரைவர் தலைக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே, மார்க்கரில் எழுதியிருக்கும். அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, பேச்சு புரியாத ஆளுக்கும் நமக்கும் நடுவில் வைத்துவிட வேண்டும். ஜெய்ப்பூர் மெக்கானிக்காக இருக்கட்டும், பானிப்பட் எடைமேடைக்காரராக இருக்கட்டும், அக்கா நடுவில் இருந்து பேசுவார்; முடிந்ததும் போனிலேயே ஏதோ ஒரு தொகை அனுப்பிவிடுவோம். தாளை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அவருக்குத் தமிழ் படிக்க வராது, இந்தியும் எழுத்துக்கூட்டித்தான். போனையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நமக்கு விஷயத்தைச் சொல்வார். ஒரு தடவை ஆக்ராவுக்கு இந்தப் பக்கம் ஆக்சில் உடைந்து நின்றோம். இருக்கிற இடத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். “அங்கேர்ந்து முன்னாடி போனா ஒரு பெட்ரோல் பங்க்கு, அத்த ஒட்டி ஒரு சர்தார் கடை வெச்சினு இருக்காரு. கோவக்காரரு, ஆனா ஏமாத்த மாட்டாரு. இரு, அவரையும் லைன்ல போடறேன்” என்றார். சர்தார் அப்படியேதான் இருந்தார்.

அந்த அக்கா ஒரு வாரமாகக் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நான் துணிந்து போனில் இருந்த மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்தேன். குடோன் சூப்பர்வைசர் முன்னால் நீட்டிப் பிடித்து, “ஐயா, மழை வருது, ஜவ்வரிசி நனைஞ்சா கெட்டுரும், தயவுசெஞ்சு இன்னைக்கு இறக்கிருங்க” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற அண்ணன் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தார்: “பன்னிக்குப் பொறந்தவன், நம்மள நாயாட்ட நிக்க வெச்சுப்போட்டு இவன் ஏசியில குந்தியிருக்கறான்.” ஆப் அதையும் கேட்டுக்கொண்டது. பிறகு செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், மழை, ஜவ்வரிசி, தயவுசெய்து, பன்றி, நாய், ஏசி என்று ஒன்று விடாமல் இந்தியில் சொல்லிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் கையிலிருந்த டீ சிந்தச் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. வண்டியை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் விடியலில் மழை கொட்டியது. இரண்டு மூட்டை நனைந்தது.

“எட்டாங்கிளாசத் தாண்டாதவங் கையில போனக் குடுத்தா இப்படித்தான்” என்றார் அண்ணன், சுற்றி நின்ற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் ஐந்தாம் வகுப்பு. நான் வண்டியிலிருந்து இறங்கி நடந்தேன்.

அக்கா கடைசியாக அனுப்பிய குரல் செய்தி போனில் இருந்தது. இரைச்சலுக்கு நடுவே, “கேம்ப்ப இடிச்சிட்டாங்கடா. எங்களுக்கு நரேலால வூடு குடுத்துக்கீறாங்க. இங்க சிக்னல் வர்ல. யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க” என்றிருந்தது. அதை நடந்துகொண்டே இரண்டு தடவை கேட்டேன். ஜங்புராவில் சாக்கடையோரமாகத் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்து, நாற்பது வருடமும் அங்கேயே இருந்தவர். பேச்சில் மட்டும் அம்மாவின் விழுப்புரம்.

கொஞ்சம் நடை, கொஞ்சம் ஷேர் ரிக்‌ஷா. நரேலாவில் இறங்கி, போனில் பேசுகிற மதராசி அக்கா என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். பழக்கடைக்காரர் யோசிக்கவேயில்லை. “மூணு சக்கர சைக்கிள் தீதியா?” என்று பஸ் நிறுத்தத்தைக் காட்டினார்.

நிறுத்தத்தின் கூரைக்கு வெளியே, வெட்டவெளியில், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கம்பியில் குடை கட்டியிருந்தது. சின்ன வயதிலேயே கால்கள் போனவர் என்பது பார்த்தால் தெரிந்தது. போனில் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு மெக்கானிக்கிடம் “உஸ்தாத், உஸ்தாத்” என்று, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல, கொஞ்சிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பேசி முடிக்கும் வரை நின்றேன். பிறகு, “அக்கா, ஜவ்வரிசி வண்டி” என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார்.

“அரே, நீயா? குரல கேட்டு பயில்வான்னு நெனச்சினு இருந்தேன். ஒட்டடக்குச்சி மாதிரி கீற.”

“நீங்களும் குரல்ல இன்னும் உயரமா இருந்தீங்க.”

“எழுந்து நின்னா உயரந்தான். நிக்கத்தான் மாட்டேன்” என்றார். சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். பன்றி வந்த இடத்தில் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

“அந்த மிஷினு நல்ல மிஷினுதான். தாளு படிக்க நானும் அதத்தான் வெச்சிக்கிறேன். ஆனா எத்த சொல்லணும், எத்த முழுங்கணும்னு அதுக்குத் தெரியாது. உங்கண்ணன் வாய்ல வர்றதுல பாதிய நான் முழுங்கித்தான்டா எனக்கு இந்த வயிறு.”

உடனே அண்ணன் எண்ணைப் போட்டு, அவரிடம் எண் வாங்கி சூப்பர்வைசரையும் இணைத்தார். நான் பக்கத்தில் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம், மிஷினை வாயில் ஒரு போடு போட்டு வளர்க்க அதற்கு அம்மா இல்லை பாய்சாப், அதை மனதில் வைப்பீர்களா என்றார். எதிர்ப்பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அந்த நேரம் பார்த்து லைன் போயிற்று. அக்கா போனைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றி, தண்ணீர் தேங்கிய பள்ளத்துக்குள்ளேயே சைக்கிளை இறக்கி, பத்தடி தள்ளிப் போனார். அங்கே ஒரு கோடு சிக்னல் வந்தது. விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார்.

“இதாண்டா இப்ப என் பொழப்பு” என்றார். “வெய்யிலோ மழையோ, இங்க வந்தாத்தான் லைனு. ரெண்டு மணி நேரம் உக்கார முடியும். அதுக்குள்ள எவன் வண்டி ஒடையணுமோ ஒடைஞ்சிக்கணும். மத்த நேரத்துல ஒடைஞ்சவன் ஒருதரம் பாப்பான், ரெண்டுதரம் பாப்பான். அப்பறம் உன்ன மாதிரி ஆப்பத் தொறப்பான். இன்னும் பத்து நாள் இப்படிப் போனா என் நம்பரு மேல வேற நம்பர எழுதிடுவானுங்க.”

அவருக்கு அந்த வேலை வயிற்றுப்பாடு மட்டும் இல்லை. நரேலாவுக்கு வரும்வரை நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அப்பால் அவர் போனதே இல்லை. ஆனால் ராஜஸ்தானில் எந்தத் தாபாவில் நாய் கடிக்கும் என்பது தெரியும். போன் இல்லாத காலத்தில் அவரால் முடிந்தது கேம்ப்பு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுப்பது. அதையும் அவரே சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு வீட்டுக்குப் போனேன். தரைத்தளம். நான்கு பக்கமும் உயரமான பிளாக்குகள். உள்ளே போனால் போனில் ஒரு கோடும் நிற்காது. சிம் போடுகிற வைஃபை பெட்டி ஒன்றை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். ஜன்னலில் வைத்தும் பயனில்லை. மொட்டைமாடியில் சிக்னல் நன்றாக இருக்கிறதென்று துணி காயப்போடுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். பெட்டியை மேலே கட்டி, அங்கிருந்து ஒயரைக் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது.

“அப்ப கட்ட வேண்டியதுதானே?”

“சாவி” என்று எதிர்வீட்டைக் காட்டினார்.

எதிர்வீட்டுப் பெரியவரும் கேம்ப்பிலிருந்து வந்தவர்தான். பிளாக்கில் தண்ணீர் மோட்டர் போடுகிற ஆள் நின்றுபோன பிறகு மொட்டைமாடிச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. முட்டி வலியால் அவரால் நான்கு மாடி ஏற முடியாது. யாரிடமும் சாவியைத் தரவும் மாட்டார். ஒரு தடவை தந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்து, தொட்டி மூடி காணாமல் போய், பழி அவர்மேல் விழுந்தது.

“பொட்டிய கட்டிக்கம்மா, வாணான்னு சொல்லல” என்றார் அவர். “கரண்டு போயி வந்தா அத்த போய் அமுக்கணும், மழ வந்தா மூடணும். யாரு ஏறுவா? நீயா ஏறுவ?”

“நான் ஏறுனா நீ ஏன் எனக்கு அண்ணன்னு பேரு வெச்சினு கீற?” என்றார் அக்கா.

“இந்தத் தம்பி ஏறும்னு வெய். இன்னிக்கு ஏறும். நாளைக்கு? லாரிக்காரன் கால எவன் கட்டி வெக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில், இன்றைக்குக் கட்டிப் பார்க்கட்டும், காலையில் மோட்டர் போட ஒரு ஆள் கிடைத்தால் சாவி அந்த ஆளிடம் போகும், பெட்டியும் இருக்கும், கிடைக்காவிட்டால் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

சாயங்காலம் மேலே போனேன். ஐந்து வருடம் லாரியில் மூட்டை கட்டியவனுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் கட்டுவது பெரிய காரியமில்லை. பால் கேனை வெட்டி அதற்குத் தொப்பி செய்தேன். தொட்டிக்குப் பக்கத்தில், இரும்புக் குழாயில், கோடுகள் நிறைய வருகிற திசையாகப் பார்த்துக் கட்டினேன். படிக்கட்டு விளக்கிலிருந்து கரண்ட் இழுத்தேன். ஒயரை மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்து இறக்கினேன். கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து பார்த்தால் கீழே ஜன்னலில் அக்காவின் கை மட்டும் தெரிந்தது. ஒயரின் முனைக்காக விரித்து வைத்திருந்த கை.

நான் இறங்கி வருவதற்குள் போன் கத்த ஆரம்பித்திருந்தது. பஸ் நிறுத்தத்தின் ஒற்றைக் கோட்டில் வந்து சேராமல் கிடந்த ஒரு வாரச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அக்கா எதையும் திறக்காமல் போனை மடியில் வைத்துக்கொண்டு அது கத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

முதலில் வந்தது எங்கள் அண்ணனின் வீடியோ கால். அக்கா கண்ணைக் காட்டினார். நான் படம் விழாத பக்கமாக நகர்ந்துகொண்டேன்.

“அம்மிணி, சரக்க இறக்கிட்டானுங்க. நீங்க பேசுனதுதானுங்க. இப்ப திரும்புறதுக்கு லோடு ஏத்திட்டேன். புதுசா ஒரு கிளீனர் புடிச்சிருக்கறேன், பீகார்க்காரன். நல்ல மனுசன், ஆனா தார்ப்பாய் கட்டத் தெரியலீங்க. எங்க பையன் ஒருத்தன் கட்டுவான், மூணு மாநிலம் தாண்டுனாலும் அவுராது. அப்படிக் கட்டோணும்னு இவனுக்குச் சொல்லுங்க.”

“அந்தப் பையன் எங்கண்ணே?”

“போயிட்டானுங்க. திமிரு புடிச்ச கழுத. சாப்புடாமக்கூட போயிட்டான். ஹாரன் அடிச்சுப் பாத்தேன், திரும்பிப் பாக்கலீங்க. அவன் பைக்குள்ள ஒரு செருப்பிருக்குது, புதுசு. கால்ல பிஞ்சதப் போட்டுக்கிட்டு நடந்து போறான்.”

அக்கா போனை என் பக்கம் திருப்பினார். அண்ணன் மேலே வண்டியின் கூரையைப் பார்த்தார். நான் அக்காவின் அடுப்பைப் பார்த்தேன்.

“அண்ணே, தம்பி இங்கதான் கீறான்” என்றார் அக்கா. பெருமூச்சு விட்டுவிட்டு, மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே போனை நடுவில், ஸ்டூலின்மேல் நிறுத்தினார். “சரி, சொல்லுங்க. என்ன சொல்லணும் அவன்கிட்ட?”

“பெரிய இவனாட்ட எறங்கிப் போனானே, சொல்லிட்டுப் போனா என்னன்னு கேளுங்க.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லாம போயிட்டன்னு வருத்தப்படறாரு.”

“எட்டாங்கிளாஸ்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாருல்ல, அவருகிட்ட என்ன சொல்றது?”

“நீங்க சொன்ன ஒரு வார்த்த மனசுல பட்டுடுச்சாம்ணே.”

“நான் சொன்னது இவனுக்கு உறைக்குது, ரெண்டு மூட்ட போனது உறைக்கலியா?”

“மூட்டக் கவலைல வாய் தவறிடுச்சாம்டா.”

இரண்டு பேருக்கும் இரண்டு பேச்சும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அக்கா சொன்ன பிறகுதான் அது எங்களுக்குள் போயிற்று. அண்ணன் முதலில் சிரித்துவிட்டார். பீகார்க்காரரைக் கூப்பிட்டு போனுக்கு முன்னால் நிறுத்தினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் துணிக்கொடிக் கயிற்றைச் சுற்றி, முடிச்சை மெதுவாகப் போட்டுக் காட்டினேன். அக்கா ஒவ்வொரு திருப்பத்துக்கும் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது தடவையில் பீகார்க்காரர் போட்டுவிட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு என்னை “உஸ்தாத்” என்றார்.

“காலையில எட்டு மணிக்கு வண்டி எடுக்கறேன்” என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். “வந்தா மூணு பேராப் போலாம்.”

அதை மட்டும் அக்கா நடுவிலிருந்து எனக்கு மாற்றிச் சொல்லவில்லை. போனை எடுத்து அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். அம்பாலாவில் ஒருவர் காகிதத்தோடு நின்றார். பரேலியில் ஒருவருக்குக் காய்ச்சல்; அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரிடமே அக்கா பேசினார். நடுவில் ஒருமுறை மூன்று லைனும் ஒன்றாகக் கலந்து, டாக்டரிடம் டயர் விலை கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சோறு போட்டது எதிர்வீட்டுப் பெரியவர். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

படுத்துக்கொண்டு யோசித்தேன் என்று சொல்ல முடியாது. களைப்பு, தூங்கிவிட்டேன்.

காலை ஐந்தரைக்குப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எதுவும் கேட்காமல் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: “எத்தினி நாளு?”

“தெரியல.”

“பஸ், அது போதும். தெரியும்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.”

மோட்டரைப் போட்டுவிட்டு நான்கு மாடி ஏறினேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொப்பியின்மேல் படிந்த ஈரத்தைத் துடைத்தேன். தொட்டிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. நிரம்புவதற்கு முக்கால் மணி நேரம் ஆகுமென்று சொல்லியிருந்தார்கள். நிரம்பியதும் இறங்கிப் போய் நிறுத்த வேண்டும், மறுபடி சாயங்காலம். அதுதான் வேலை.

கீழே அக்கா எழுந்துவிட்டார். ஜன்னல் வழியாகக் குரல் நேராக மேலே வந்தது.

“அண்ணே, தம்பி வர்லியாம். உங்க கால்ல வியுந்து கேட்டுக்கச் சொன்னான், மனசுல வெச்சிக்க வேணான்னு. அந்தப் பைய இந்தப் பக்கம் வர்ற வண்டி எதுலியாச்சும் குடுத்தனுப்புங்க. செருப்பு பிஞ்சிக்கீது.”

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தொட்டி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.